தேநீரில் தேன் இல்லை

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர் புளியரை. அங்கே ஒரு கடையில் 'தேனீர் விடுதி' என்று பலகை தொங்குகிறது. சாரல் மாதங்களில் குற்றாலத்துக்கு வந்தவர்களும், கார்த்திகையில் மாலை போட்ட சாமிகளும் அங்கே வண்டியை ஓரங்கட்டுவார்கள். விடியற்காலையில் மட்டும் பெஞ்சு முழுக்க வயலுக்குப் போகிறவர்கள்.

அந்த விடுதியில் யாரும் தேநீர் கேட்டு நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைச் சார்த்திவைத்துவிட்டு உட்காருகிறவர் "அண்ணாச்சி, ஒரு டீ" என்பார். கேரளத்து லாரிக்காரர் "சேட்டா, ஒரு சாயா" என்பார். இருவருக்கும் ஒரே பாய்லர், பழுப்பேறிப்போன ஒரே துணி வடிகட்டி.

பலகையில் பிழை இருக்கிறது. தேனும் நீரும் சேர்ந்தால்தான் தேனீர். குடிக்கிறது தேநீர், தே, நீர். தேன் கலந்த பானம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தேயிலையை நினைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். தேனிலிருந்து வந்திருந்தால் அது 'தேனிலை' ஆகியிருக்கும்.

இந்தத் 'தே' சீனத்துச் சரக்கு. இதை எழுதச் சீனர்களுக்கு எழுத்து ஒன்றுதான். ஃபூஜியன் கரைப் பேச்சில் அது 'தே', மற்றப் பெரும்பாலான இடங்களில் 'சா'. அந்தக் கரையாரின் 'தே'யை டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 'சா' தரைவழியே நடந்து, பாரசீகத்தில் வால் முளைத்து 'சாய்' ஆயிற்று. மக்காவ் துறைமுகத்தில் இருந்த போர்த்துக்கீசியர் மட்டும் கடல்வழியே வந்தும் 'ஷா' என்றார்கள். சாயாவில் அந்த 'ய' ஒட்டியிருப்பதால் அதைப் பாரசீகக் குடும்பத்தில் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். சாயா இங்கே வெளியூர்ச் சொல் அல்ல.

தமிழுக்குத் 'தே'யைக் கொடுத்தவர் யார்? ஆங்கிலேயர் என்று சொல்ல நாக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்தால் நமக்கு டிக்கெட், டவுன், டீ என்று 'ட'தான் விழும். நோட்டரிக்கு டச்சுக்காரரிடம் வாங்கிய நொத்தாரிசு இலங்கையில் இன்றும் 'த'வோடு நிற்கிறது. (துட்டும் டச்சுக்காரர் காசுதான், அது தொடக்கத்தில் 'த', முடிவில் 'ட' என்று இரண்டுங்கெட்டானாக இருக்கிறது.) யாழ்ப்பாணத்தை அவர்கள் 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல்தான். இலைக்கு முன்பே பெயர் வந்து இறங்கிவிட்டது என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்தார் அதைத் 'தேத்தண்ணி' ஆக்கிக்கொண்டார்கள். பூவோடு தொட்டி சேர்ந்து பூத்தொட்டி ஆவதுபோல, நடுவில் ஒரு 'த்' வாங்கிக்கொண்டு உள்ளூர்ச் சொல்லாகிவிட்டது. சிங்களவரின் கிராமத்துத் தேநீர்க் கடைக்குப் பெயர் 'தே கடே'. அதில் பாதி சீனம். மற்றப் பாதி நம்முடைய கடை.

இங்கே வேடிக்கை வேறு மாதிரி. காப்பிக்குக் கொட்டைவடிநீர் என்றார்கள் தனித்தமிழ் அன்பர்கள், ஊரே சிரித்தது. டீயைத் துரத்திவிட்டுத் தேநீரை உட்கார வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. பார்வைக்கு அச்சுஅசலாகத் தமிழாக இருந்ததால், அது டீயின் உடன்பிறப்பு என்று எவருக்கும் தோன்றவில்லை. அச்சிலும் மேடையிலும் அது நிலைத்துவிட்டது. பெஞ்சுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

கடைக்காரரிடம் பலகையைக் காட்டி, இரண்டு சுழி 'னீ' வராது, 'நீ' போடணும் என்றேன். ஏறெடுத்துப் பார்த்தார். ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மறு கையை இடுப்பளவில் பிடித்து, நூல் பிடித்ததுபோல் ஆற்றிக்கொண்டே, "தேன்னு நினைச்சுட்டுக் குடிச்சா நமக்கு என்ன சார் நட்டம்?" என்றார். நுரை கிளாஸின் விளிம்புவரை வந்து நின்றது.

"சீனி மட்டாவா, தூக்கலாவா?"

சீனியும் சீனத்தின் பெயரால் வந்த சொல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கறுப்பு வேட்டிச் சாமிகள் பத்துப் பேர் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "மட்டா" என்று மட்டும் சொன்னேன்.