‘ஆலி’: ஒரு சொல் போன போக்கு

ஆங்கில அகராதிகளில் ‘ஆலி’ என்ற சொல்லுக்குத் தமிழில் சந்து, முடுக்கு, இடுக்குத் தெரு என்று பொருள் எழுதுவது வழக்கம். (நம் பழந்தமிழ் ‘ஆலி’ மழைத்துளியையும் ஆலங்கட்டியையும் குறிப்பது; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) எழுதிய பொருளில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தை மொழிபெயர்க்கப் புகுந்தவர் முதல் அங்கத்திலேயே இடறுவார். அங்கே இளவரசனும் கிளாடியோவும் பேசிக்கொண்டே நடப்பதும், அப்பேச்சை ஒரு பணியாள் ஒட்டுக்கேட்பதும் ஓர் ஆலியில்தான். அது இருபுறமும் கிளைகளைப் பின்னி வளர்த்த தோட்டத்து நடைவழி. பெருங்குடி மக்கள் உலவுமிடம். ‘சந்து’ என்று எழுதிவிட்டால் இளவரசனைச் சாக்கடையோரம் நிறுத்தியதாகும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்த மயக்கம் தெளியும். பதினான்காம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘போதல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘போக்கு’ என்பதே அதன் முதற்பொருள். நம் சங்க இலக்கியத்துச் ‘செலவு’ போன்றது என்று சொல்லலாம். பாலைத் திணையில் தலைவன் செலவழுங்கினான் என்றால் பயணத்தைக் கைவிட்டான் என்று பொருள். இன்று செலவு என்றால் நமக்குப் பணம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. சொற்களின் பயணம் எங்கும் இப்படித்தான். அந்தப் பிரெஞ்சு வினைக்கு மூலம் எது என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. நடத்தலைக் குறிக்கும் ‘அம்புலாரே’ என்ற இலத்தீன் வினை தேய்ந்து வந்தது என்பார் பலர். அது மெய்யானால், போர்க்களத்தில் இடம் பெயரும் மருத்துவமனையாகத் தொடங்கிய ஆம்புலன்சும் நம் சந்துக்கு உறவு முறையாகும்.

பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இச்சொல் செல்வாக்கு இழக்கவில்லை. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் நடுவே செல்லும் அரச ‘அலே’ 335 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடையது. ஸ்டாலின் பெயரில் இருந்து 1961இல் கார்ல் மார்க்ஸ் பெயருக்கு மாறிய பெர்லின் ‘அலே’யின் அகலம் ஏறத்தாழ 90 மீட்டர். கடல் கடந்த ஆங்கிலத்திலோ கதை வேறு. எக்ஸிடர் நகரின் பார்லிமெண்ட் ஸ்டிரீட், பெயரால் தெரு, இனத்தால் ஆலி. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 64 சென்டிமீட்டர். பருத்த உடம்பினர் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தை எள்ளவே நகரத்தார் அதற்கு இப்பெயரைச் சூட்டினராம்.

இந்தக் குறுக்கம் ஏன்? ஒரு காரணம் எனக்குப் புலப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அதே பிரெஞ்சிலிருந்து ‘அவென்யூ’ வந்து சேர்ந்து, மரவரிசை வழி என்ற பொருளைத் தன்னதாக்கிக்கொண்டது. அதன் வேர் ‘வருதல்’. மாளிகையை நோக்கி வருகின்ற வழி அது. வருதலுக்கு அகலம் வாய்த்தது. போதலுக்கு மிஞ்சியது இடுக்கு. இரு பொருளும் அருகருகே வாழ்ந்த காலத்துக்கு ஷேக்ஸ்பியரே சான்று. ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தில் ஆலி நகரத்துச் சந்து. ‘ஹாம்லெட்’டிலோ, செவியில் ஊற்றிய நஞ்சு உடம்புக்குள் ஓடும் வழிகளுக்கு ஆவி இச்சொல்லையே ஆள்கிறது.

இடம் குறுகினாலும் எல்லா ஆலியும் எளியோர்க்கு உரியதாகிவிடவில்லை. லண்டனில் லொம்பார்ட் தெருவுக்கும் கார்ன்ஹில்லுக்கும் இடைப்பட்ட எக்ஸ்சேஞ்ச் ஆலியில்தான், ஜோனதன் காப்பிக் கடையில், பங்குத் தரகர்கள் கூடினர். 1720இல் தென்கடல் கம்பெனியின் பங்கு வீங்கி வெடித்தது இங்கேதான். சென்னைக் கோட்டையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளும் இச்சந்தில் கைமாறின.

இச்சொல்லின் கொடிய பக்கம் அமெரிக்கத் தலைநகரில் எழுதப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்த, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களில் பலருக்குக் கிடைத்தவை பெருந்தெரு வீடுகளின் பின்புறச் சந்துகளில் நெருக்கமாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள். பெருந்தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அவை தெரியா. குடியரசுத் தலைவர் வில்சனின் மனைவி எலன், அவ்வீடுகளை அகற்றும் சட்டம் வேண்டுமென முனைந்தவர். 1914 ஆகஸ்டில் அவர் இறந்தபோது அவர் நினைவாகவே சட்டம் நிறைவேறியது. 1918இல் நடைமுறைக்கு வரவேண்டியது, போர்க்கால வீட்டுப் பஞ்சத்தால் நின்றது. 1934இல் மறுபடியும் ஒரு சட்டம். இம்முறை ‘ஆலிக் குடியிருப்பு’ என்பது சட்டத்தின் பெயரிலேயே ஏறியது. போதலைக் குறித்த சொல், இடித்து அகற்ற வேண்டிய வீட்டுக்கு அடைமொழியாயிற்று.

நோயும் நெரிசலும் அங்கே மெய்யாகவே இருந்தன. சீர்திருத்தக்காரர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காணத் தவறியதை ஜேம்ஸ் போர்ச்செர்ட் என்ற வரலாற்றாசிரியர் 1980இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக் காட்டினார். சீரழிந்த கூட்டம் என்று தள்ளப்பட்ட அம்மக்களிடம் உறவும் அண்டைவீட்டு ஒத்தாசையும் பின்னிய உறுதியான வாழ்க்கை இருந்தது என்பது அவர் கண்டது. இடிபடாமல் தப்பிய வீடுகளைப் பின்னாளில் வசதி படைத்த வெள்ளையர் வாங்கிப் புதுப்பித்தனர். ஃபாகி பாட்டம் பகுதியின் ஸ்னோஸ் கோர்ட்டில் அத்தகைய வீடுகளை இன்றும் பார்க்கலாம். அங்கே குடியிருக்க இப்போது நல்ல வருமானம் வேண்டும்.