காவிரியின் இறக்கமும் கோபிநத்தம் பகுதி இடப்பெயர்களும்

ஆறு நிலத்தைப் பிரிக்கும் எல்லையாகவும் மக்களை இணைக்கும் வழியாகவும் அமைவதுண்டு. இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காணத்தக்க பகுதி, காவிரி மைசூர் மேட்டுநிலத்தினின்று தமிழகச் சமவெளி நோக்கி இறங்கும் கோபிநத்தம் சுற்றுப்புறமாகும். இப்பகுதியின் வரலாற்றை அறிய ஆவணங்களோடு இடப்பெயர்களும் சான்றாகின்றன.

1. ஆற்றின் போக்கு

குடகின் பிரம்மகிரி மலைத்தொடரில் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. பாய்ந்து கடலை அடைகின்றது. இதில் 320 கி.மீ. கர்நாடகத்திலும் 416 கி.மீ. தமிழகத்திலும் அமைய, இடைப்பட்ட 64 கி.மீ. இரு மாநிலங்களுக்கும் பொது எல்லையாக உள்ளது. ஏமாவதி, கபினி முதலிய துணையாறுகளை ஏற்று மேட்டுநிலத்தில் அகன்று செல்லும் ஆறு, சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கின்றது. அர்க்காவதி கலந்தபின் மேகேதாட்டில் குறுகிய பாறைப் பிளவுக்குள் ஒடுங்குகின்றது. பின்னர் ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து வீழ்ந்து, தெற்கே மேட்டூர் நீர்த்தேக்கத்தை (1934) அடைகின்றது. ஒகேனக்கல்லுக்கு மேற்கே, மாதேசுவரன் மலையைச் சார்ந்த காட்டுப்பகுதியில் அமைந்த ஊரே கோபிநத்தம்.

2. எல்லையின் வரலாறு

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின், 1799இல் கொள்ளேகால் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. அது சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக நெடுங்காலம் விளங்கிற்று. அக்காலத்தில் இப்பகுதியில் காவிரியின் இரு கரைகளும் ஒரே மாகாணத்துக்கு உரியனவாக இருந்தன. ஆறு அன்று மாவட்டங்களைப் பிரித்த எல்லை மட்டுமே. மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1ஆம் நாள், கன்னடம் பெரும்பான்மையாக வழங்கிய கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் சேர்க்கப்பட்டது. வட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்த தமிழ் வழங்கும் ஊர்களும் அதனுடன் சென்றன. மாவட்ட எல்லையாக இருந்த ஆறு மாநில எல்லையாயிற்று. மைசூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

3. பெயர்கள் தரும் சான்று

ஒகேனக்கல் தமிழகத்துத் தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. அதன் பெயரோ கன்னடம். ‘ஹொகெ’ என்பது புகை, ‘கல்’ பாறை. வீழும் நீரின் திவலை புகைபோல் எழுவதால் இப்பெயர் அமைந்தது என்பர். தமிழ்ப் ‘புகை’க்கும் கன்னட ‘ஹொகெ’க்கும் மூலம் ஒன்றே. மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் (பால் – ஹாலு, புலி – ஹுலி), ஐகாரம் எகரமாதல், அதற்கு முன் உகரத்துக்கு ஒத்த இடத்தில் ஒகரம் வருதல் (குடை – கொடெ) ஆகியன அறியப்பட்ட ஒலி விதிகள். பகரம் ஹகரமாகும் மாற்றம் 10ஆம் நூற்றாண்டளவில் தோன்றிப் பின்னரே முழுமையுற்றது. ஆகவே ‘ஹொகெ’ என்னும் வடிவம் அதற்குப் பிற்பட்ட கன்னட வழக்கைக் காட்டுகின்றது. தமிழ்ப் பேச்சு அந்த ஹகரத்தையும் நீக்கி ‘ஒகே’ என்றாக்கிக்கொண்டது. ஒரே பெயரில் இரு மொழியினரின் நாவும் பதிந்துள்ளது.

மேகேதாட்டும் இத்தகையதே. ‘மேகெ’ ஆட்டைக் குறிக்கும். ‘தாட்டு’ என்பது தமிழ்த் ‘தாண்டு’ என்பதன் இனச்சொல். தமிழர் இவ்விடத்தை ‘ஆடுதாண்டும் காவிரி’ என வழங்குவர். ஒரு காட்சியை இரு மொழிகளும் ஒரே பொருளில் பெயரிட்டுள்ளன.

ஒகேனக்கல்லுக்கு நேர்மாறானது கோபிநத்தம். ஊர் கர்நாடகத்தில் உள்ளது. பெயரின் ஈறு தமிழ். ‘நத்தம்’ என்பது தமிழக ஊர்ப்பெயர்களிலும் வருவாய்த்துறை வழக்கிலும் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் சொல். இவ்வூர்ப்பெயர் ‘கோபிநாதம்’ எனவும் எழுதப்படுகின்றது. அவ்வாறு எழுதுகையில் குடியிருப்பைச் சுட்டிய சொல் மறைந்து, கண்ணனின் பெயரான ‘கோபிநாத’ என்பதே முன்நிற்கின்றது. எனினும் ‘அம்’ ஈறு ‘நத்தம்’ என்னும் வடிவத்தையே நினைவூட்டுகின்றது.

4. முடிவு

தமிழகக் கரையில் கன்னடப் பெயரும் கர்நாடகக் கரையில் தமிழ்ப் பெயரும் நிலைத்திருத்தல், ஆறு மாநில எல்லையாவதற்கு முன்பே மக்கள் இரு கரையிலும் கலந்து வாழ்ந்தமையைக் காட்டுகின்றது. நீர்ப்பங்கீட்டு வழக்குகளில் இந்த ஆறு எல்லையருகே பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் கன அடிகளாகவே பேசப்படுகின்றது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமிழகத்துக்கு வகுத்த 177.25 டி.எம்.சி. நீரும் அங்கேயே கணக்கிடப்படுகின்றது. அக்கணக்கில் இடம்பெறாத வரலாறு ஊர்ப்பெயர்களில் தங்கியுள்ளது. ஓர் எழுத்து மாறினும் அச்சான்று திரியும். ஆதலின் இருகரை ஊர்ப்பெயர்களையும் மக்கள் ஒலிக்கும் வடிவிலேயே, இரு மொழிகளிலும் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.