பந்து தைத்த ஊர்

கால்பந்தை உதைக்கிறவனைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. தைக்கிறவனைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. முழங்கால்களுக்கிடையே மரக் கிட்டியை இடுக்கிக்கொண்டு, மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, 32 துண்டுகளை அவன் இணைத்தாக வேண்டும். பந்து ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்! இப்படித் தைத்தே பெயர் வாங்கிய ஊர், பாகிஸ்தான் பஞ்சாபிலுள்ள ஸியால்கோட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தண்டு இறங்கியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மட்டையும் பந்தும் பழுதுபார்த்துக் கொடுக்கப் போய்த் தொழில் வளர்ந்தது. 1947 பிரிவினையில் ஹிந்து, சீக்கிய வியாபாரிகள் பலர் ஜலந்தருக்குப் போய்க் கடை விரித்தார்கள். ஆனாலும் ஸியால்கோட் படுத்துவிடவில்லை.

அவ்வூர் முதலாளிகளின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். கராச்சித் துறைமுகமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சர்க்கார் வந்து வழி செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1980-களில் தாங்களே பணம் திரட்டி, சரக்கைச் சோதித்து அனுப்ப ஒரு தரைத் துறைமுகம் அமைத்தார்கள். 2007-ல் சொந்த விமான நிலையத்தையே திறந்துவிட்டார்கள். நம் பக்கத்து மில் முதலாளிகள் கோயிலுக்குக் கோபுரம் கட்டியதுண்டு. விமான நிலையம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. சரக்குப் போகும் வழிக்குத் தாராளமாகப் பணம் போட்டவர்கள், சரக்குச் செய்யும் யந்திரத்துக்குப் போடத் தயங்கினார்கள். கூலிக்குத் தைக்கக் கிராமம் கிராமமாகக் கைகள் இருக்கும்போது யந்திரம் எதற்கு? அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. உலகம் அதைக் கண்டு கூச்சலிட்டது. 1997-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, தையல் வேலை வீட்டுத் திண்ணையிலிருந்து கூடங்களுக்கு மாறியது. நியாயமான காரியம்தான். ஆனால் ஆண்கள் நிறைந்த கூடத்துக்குப் போக முடியாத பெண்கள், அடுப்படிக்கு அருகிலேயே சம்பாதித்து வந்த காசை இழந்தார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

பிறகு 2006. ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கு வந்த பந்தில் தையலே இல்லை. 14 துண்டுகளைச் சூட்டினால் ஒட்டியிருந்தார்கள். செய்த இடம் தாய்லாந்து. அடுத்த கோப்பைக்குச் சீனத்துப் பந்து. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஸியால்கோட் பார்த்துக்கொண்டிருந்தது.

2014 கோப்பை நெருங்கும் சமயம், கேட்ட அளவுக்குச் சீனத்துத் தொழிற்சாலையால் கொடுக்க முடியவில்லை. ஸியால்கோட்டின் 'ஃபார்வர்ட் ஸ்போர்ட்ஸ்' கம்பெனி முதலாளி க்வாஜா மசூத் அக்தர் 'நான் தருகிறேன்' என்று முன்வந்தார். 33 நாட்களில் யந்திர வரிசையை அமைத்துக் காட்டியதாகச் சொல்கிறார்கள். விமான நிலையத்தைவிட இந்த 33 நாட்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். வரிசையில் நின்று ஆறே துண்டுகளை ஒட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வேலை செய்தார்கள்.

2022-ல் கத்தாரில் உருண்ட பந்தும் ஸியால்கோட் சரக்குத்தான். 20 துண்டுகள், துண்டும் துண்டும் சேருமிடத்தில் ஊசி பட்ட தடமே கிடையாது.