ஓடும்போதா, நிற்கும்போதா?

கார் ஓட்டுபவரை 'ஷோஃபர்' என்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதன் பொருள் சிறுவயதிலேயே தெரியும்: 'சூடேற்றுபவன்'. நீராவி இயந்திரத்தின் அடுப்பில் கரியள்ளிப் போட்டவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு அது மோட்டார் ஓட்டுபவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் ஜவ்வாது மலையில் நான் பார்த்த ஓட்டுநர்கள் பட்ட பாடெல்லாம் சூட்டைத் தணிக்கத்தான்.

என்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகிவிடும். அதில் ஏறத்தாழ பாதி புகைக்குழாய் வழியே போகும். மறுபாதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். 1888-ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல், அந்த மூன்று சக்கர வண்டியில் போனார். வண்டியின் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்ததால் வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. உலகின் முதல் நெடும்பயணத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது.

இதற்கு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அவர் வைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள். முன்பு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானது. 1901-ல் பிரான்சின் நீஸ் நகரத்துக்கு அருகே லா துர்பி மலையேற்றப் போட்டியில் அந்தக் கார் வென்றது. மேபாக் இன்னொன்றும் செய்தார். வண்டி மெதுவாகப் போகும்போது காற்று போதாது என்று ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியைப் பொருத்தினார். வேகமாகப் போகும் வண்டிக்குக் காற்று தானாக வரும். நிற்கும் வண்டிக்கு யாராவது விசிற வேண்டும். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரிதான்.

நம் அம்பாசடரில் அந்த விசிறி என்ஜினோடு ஃபேன் பெல்ட்டால் இணைந்திருந்தது. என்ஜின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். நெரிசலில் நிற்கும்போது, காற்று அதிகம் வேண்டிய நேரத்தில், அது சோம்பலாகச் சுற்றும். அதனால்தான் அந்தக் கால ஓட்டுநர்கள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார்கள். பெட்ரோலை வீணாக்குகிறார் என்று பின்சீட்டில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். உண்மையில் அவர் விசிறிக்கொண்டிருந்தார்.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். காவலூர் வானாய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில். அங்கே திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 97½ டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுப்பதுதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, இன்றைய கார்களில் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் நைந்துபோனால் நல்ல என்ஜினும் கொதிக்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் விசிறி மின்சார மோட்டாரில் ஓடியது. சூடு ஏறினால் தானே சுற்றும், இறங்கினால் தானே நிற்கும். நியூட்ரலில் மிதிக்கும் வேலை போயிற்று. கூடவே, விசிறி என்று ஒன்று இருப்பதையே நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததன் விலையைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்ணால் பார்த்தேன். ஜமுனாமரத்தூரில் கோடை விழா. சென்னையிலிருந்து உறவினர் குடும்பத்தோடு காரில் வந்தார். நானும் உடன் இருந்தேன். போளூரிலிருந்து மலை ஏறும் வரை டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றது. ஊரை நெருங்கியதும் வாகன வரிசை. பத்து நிமிடத்தில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினோம். நகரத்துப் பட்டறை ஒன்றில் இதே புகாருக்காக ரேடியேட்டரையே மாற்றியிருந்தார்களாம். பணம் போயிற்று, சூடு போகவில்லை.

அரசு ஜீப் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். "ஓடும்போது ஏறுதா தம்பி, நிக்கும்போது ஏறுதா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "நிக்கும்போதுதான்" என்றதும், "அப்ப ரேடியேட்டர் மேல குத்தமில்ல, விசிறியப் பாரு" என்றார். ஏ.சி.யைப் போடச் சொன்னார், விசிறி சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுக்கு இருந்த ரிலேவும் அதே வகைதான். அதைக் கழற்றி விசிறியின் ரிலே இருந்த இடத்தில் செருகினார். விசிறி சுற்றத் தொடங்கியது. ஹாரன் இல்லாமலே அன்று ஊர் திரும்பினோம். சில நூறு ரூபாய் ரிலேயோடு விஷயம் முடிந்தது.

அவர் கேட்டதைத்தான் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, மோட்டார், தெர்மோ சுவிட்ச் இவற்றைப் பாருங்கள். பழைய வண்டியானால் தளர்ந்த ஃபேன் பெல்ட்டை. மேட்டிலும் வேகத்திலும் சூடேறினால் அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட். இரண்டிலும் ஏறினால் முதலில் கூலண்ட் குறைந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் புகையும், ஆயில் பால்கலந்த காப்பி போலவும் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கொதிக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தம் விட்ட அந்தக் கணத்தில் தண்ணீர் ஆவியாக முகத்தில் அடிக்கும். ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக ஒதுக்கி, என்ஜினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் நிழலில் உட்காருங்கள். பச்சைத் தண்ணீரைச் சுடுகிற என்ஜினில் உடனே ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். விழா எங்கும் ஓடிப்போகாது.