இறந்த தந்தையின் மருத்துவக் குறிப்பு யாருடையது?

புதிய வைத்தியரிடம் பதியப் போனால் படிவக்கட்டு ஒன்றைக் கையில் தருவார்கள். ‘ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்’ என்ற பெட்டிக்குள் நம்மில் பலர் வாசிக்காமலே சரி போட்டுவிடுகிறோம். அந்தச் சரி நமக்கு மட்டுமா, நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தா? இந்தக் கேள்வி ஐஸ்லாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மூன்று இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில், எல்லோருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க 1998 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டது. அதை அமைத்து வணிக நோக்கில் பயன்படுத்தும் உரிமம், காரி ஸ்டெஃபான்சன் நிறுவிய டிகோட் ஜெனடிக்ஸ் நிறுவனத்துக்கு 2000இல் 12 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. பல நூற்றாண்டுகால வம்சாவளிப் பதிவுகள் அங்கே இருப்பதால், பரம்பரை நோய்களைத் தேடுவோருக்கு அது ஒரு புதையல்.

யாரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்கப்படவில்லை. வேண்டாதவர்கள் படிவம் நிரப்பி விலகலாம். விலகாதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்பட்டார். ஏறக்குறைய 20,000 பேர் விலகினார்கள். ஐஸ்லாந்து வைத்தியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இதற்கிடையில், 1999இல் தேசிய உயிரியல் நெறிக் குழுவையே அரசு கலைத்து, அமைச்சர்கள் முன்மொழிந்தவர்களைக் கொண்டு புதிய குழுவை அமைத்தது. கணக்குக் காட்ட வேண்டியவரே கணக்காய்வாளரையும் தெரிவு செய்வது போன்றது இது. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

உயிரோடிருப்பவர் விலகலாம், இறந்தவர்? தன் தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாதென்று ஒரு மகள் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தந்தைக்குப் பதிலாக அவர் பேச முடியாது. ஆனால் தந்தையின் பரம்பரை விவரங்களிலிருந்து மகளைப் பற்றி ஊகிக்கலாம் என்பதால் அது அவருடைய சொந்த அந்தரங்கமும்தான் என்றது நீதிமன்றம். இரட்டைப் பதிவில் ஒரு பக்கத்தைப் பார்த்தே மறுபக்கத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா?

பெயரை மறைகுறியாக்கினால் போதும் என்ற வாதமும் எடுபடவில்லை. வயது, ஊர், மணநிலை, கல்வி, நோய் எல்லாம் அப்படியே இருக்கும்போது, சிறிய நாட்டில் ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதைத் தடுக்கும் காப்பு சட்டத்தில் போதிய அளவு இல்லை என்றது தீர்ப்பு. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை உருவாகவில்லை.

விடயம் அத்தோடு ஓயவில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனமுவந்து கொடுத்த மாதிரிகளை வம்சாவளியோடு பொருத்தினால், இரத்தமே கொடுக்காத உறவினரின் மரபணுவையும் கணித்துவிடலாம். அப்படிக் கணித்ததைச் சம்மதம் தராதவர்களின் வைத்தியசாலைக் குறிப்புகளோடு இணைக்க டிகோட் கேட்டபோது, 2013இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த நிறுவனத்தை அமெரிக்க மருந்து நிறுவனமான அம்ஜென் 415 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது.

ஆணையம் செய்தது சரியென்றே நாம் நினைக்கிறோம். அதற்கும் ஒரு விலை உண்டு. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் எவரெவரிடம் உள்ளது என்பதைத் தன் தரவிலிருந்தே காட்ட முடியும் என்று டிகோட் சொன்னது. ஆனால் அவர்களைத் தேடிப்போய்ச் சொல்ல அனுமதியில்லை. 2018 முதல், விரும்புவோர் தாமாகவே கேட்டு அறிந்துகொள்ள ஒரு இணையத்தளம் திறக்கப்பட்டது.