மாற்று டைலுவென்ட்: ஒப்பீடு மட்டும் போதுமா?

சோதனை மதிப்பு கருவியின் அளவீட்டு எல்லையைத் தாண்டினால், சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுவது ஆய்வகங்களின் அன்றாட வழக்கம். கருவி நிறுவனத்தின் டைலுவென்ட் (நீர்க்கப் பயன்படும் திரவம்) கையிருப்பில் இல்லாதபோதும், விலை கட்டுப்படியாகாதபோதும் 0.9 சதவீத நார்மல் சலைன் அந்த இடத்துக்கு வருகிறது. மாற்றியமைத்த முறையை ஆய்வகமே சோதித்து நிறுவ வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 15189:2022. பெரும்பாலோர் செய்வது, சில மாதிரிகளை இரு திரவங்களிலும் நீர்த்து முடிவுகளை ஒப்பிடுவதுதான். அது வேண்டியதே, ஆனால் போதாது.

கிரியேட்டின் கைனேஸை எடுத்துக்கொள்வோம். இந்நொதியைத் தடுக்கும் பொருள்கள் சீரத்திலேயே உண்டு. நீர்க்கும்போது அவையும் நீர்த்துப்போவதால், பெருக்கிக் கணக்கிட்ட மதிப்பு நீர்க்காத மாதிரியின் மதிப்பைவிட உயரக்கூடும். இரு டைலுவென்ட்களிலும் ஒரே அளவு உயர்ந்தால் ஒப்பீடு பொருத்தம் என்றே சொல்லும். நிறுவனத்தின் திரவத்தை உரைகல்லாகக் கொண்டதன் விளைவு இது. தொடர்புக் கெழுவும் உதவாது. எல்லா மதிப்புகளும் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் கெழு 0.99ஐத் தொடும்.

எனவே அளவீட்டு எல்லைக்குள், அதன் மேல்விளிம்பில் இருக்கும் நோயாளி மாதிரிகளை 2, 4, 8 மடங்கு எனப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு படியையும் நீர்க்காத மதிப்போடு ஒப்பிட வேண்டும். தரக்கட்டுப்பாட்டுச் சீரம் இதற்கு ஈடாகாது. அது பதப்படுத்தப்பட்ட பொருள். சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஒரே ஒரு நோயாளியின் வரிசை மட்டும் கோணினால் குற்றம் டைலுவென்டில் இல்லாமல், அவருடைய இரத்தத்தில் குறுக்கிடும் எதிர்ப்பொருள்களில் இருக்கலாம்.

குளுக்கோஸ், யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளுக்குச் சலைன் பெரும்பாலும் தாங்கும். லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் கொண்ட திரவத்தால் அவ்விரண்டையும் நீர்ப்பதில் பொருளில்லை. ஃப்ரீ டி4க்கு இந்தக் கேள்வியே எழாது. நீர்த்தால் கட்டுண்ட, கட்டற்ற ஹார்மோன்களின் சமநிலையே குலையும்.

சிக்கல் மிகுவது இம்யூனோ சோதனைகளில். சலைனில் புரதம் இல்லை. அதனால் அளக்க வேண்டிய பொருள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டக்கூடும், எதிர்ப்பொருளோடு பிணையும் விதமும் மாறக்கூடும். ஆல்புமின் கலந்த பஃபர், அல்லது குறைந்த மதிப்புள்ள சீரங்களின் கலவை பொருத்தமான மாற்றாகலாம். பீட்டா எச்.சி.ஜி.க்கு ஆரோக்கியமான ஆண்களின் சீரம் ஏறத்தாழ வெற்று. ஃபெரிட்டினுக்கு அப்படி இல்லை. கலவையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால், பத்து மடங்கு நீர்த்துப் பெருக்கும்போது 180 கூடுதலாக ஏறும். 3,000 உள்ள மாதிரியில் அது 6 சதவீதம். டைலுவென்டைத் தனியாக ஓட்டி அந்த அளவைக் கழிக்காத மதிப்பீடு செல்லாது. கலவையை ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனை முடிந்த பிறகே தொடலாம்.

திரவத்துக்குத் தொடர்பில்லாத பிழையும் ஒன்றுண்டு. பதிவேட்டில் ‘1:10’ என்று எழுதியிருப்பதை ஒருவர் 1+9 என்றும், மற்றவர் 1+10 என்றும் கலக்கிறார். பின்னவர் பத்தால் பெருக்கினால் முடிவு சுமார் 9 சதவீதம் குறையும். பழி டைலுவென்டின் மேல் விழும். நெறிமுறையில் 1+9 என்றே எழுதிவிடலாம்.