படத்தில் இருப்பவரின் பெயர் என்ன?



நினைவுப் பொழிவு என்பது மறைந்தவரைப் பெயர் சொல்லி நினைக்கும் கூட்டம். ஆகவே பெயரில்லாமல் நினைக்கப்படுகிறவர்களைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தம் என்று கருதுகிறோம். வளர்ச்சிப் பணிக்கென்று ஏழை நாடுகளுக்குச் சென்ற தன்னார்வலர்கள் எடுத்த புகைப்படங்கள் உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன. கைப்பம்பைச் சுற்றி நிற்கும் பெண்கள், தட்டேந்திய சிறுவர்கள், கறுப்புக் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துச் சிரிக்கும் வெள்ளை இளைஞர் எனப் பல படங்கள். படம் எடுத்தவரின் பெயர் கீழே இருக்கும். நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இருக்கும். படத்தில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெயர் எங்கே போனது, போனதால் என்ன நடந்தது என்பதே நம் கேள்வி.

காங்கோவிலிருந்து தொடங்குவோம். 1885இல், பெர்லின் மாநாட்டை ஒட்டி, அந்தப் பெருநிலம் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமை ஆனது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. காங்கோவின் ஊர்கள் காட்டுக்குள் போய் ரப்பர் சேகரித்துத் தர வேண்டும் என்று கட்டாயம் வந்தது. அளவு குறைந்தால் சவுக்கடி விழும். பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைப்பார்கள். கொலையும் உண்டு. சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்தார்கள். பாரிங்கா வட்டாரத்தில் இந்தக் கொள்ளையை நடத்திய கும்பெனி ஆங்கிலோ-பெல்ஜியன் இந்தியா ரப்பர் கும்பெனி.

அந்தப் பாரிங்காவில் மிஷன் வேலை பார்த்தவர் ஆலிஸ் சீலி ஹாரிஸ். 1898இல் ஜான் ஹாரிஸை மணந்த சில நாள்களிலேயே கணவரோடு காங்கோவுக்குக் கப்பலேறியவர். அவர் அரசு ஊழியரும் அல்லர், வணிகரும் அல்லர். தாமே முன்வந்து போனவர். பாடம் சொல்லிக்கொடுத்தார், சொந்த நாட்டு ஆதரவாளர்கள் பார்க்கப் படம் எடுத்தார். இன்றைய வளர்ச்சித் தன்னார்வலருக்கு இவரை முன்னோடி என்று சொல்லலாம்.

1904 மே 14 அன்று வாலா என்ற ஊரைச் சேர்ந்த இன்சாலா அந்த மிஷனுக்கு வந்தார். கும்பெனியின் காவலாள்கள் அவருடைய ஐந்து வயது மகளைக் கொன்றிருந்தார்கள். அவள் பெயர் போவாலி. மிஞ்சியது ஒரு கையும் ஒரு பாதமும். அவற்றை இலையில் பொதிந்து எடுத்துவந்திருந்தார். திண்ணை விளிம்பில் அமர்ந்து, முன்னால் வைக்கப்பட்ட மகளின் கையையும் பாதத்தையும் பார்த்தபடி இருக்கும் அந்தத் தந்தையை ஆலிஸ் படமெடுத்தார்.

இந்தப் படத்தைப் பேசும்போதெல்லாம் படமெடுத்தவரின் துணிவைத்தான் பேசுகிறார்கள். துணிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கொன்றவர்கள் துப்பாக்கியோடு திரிந்துகொண்டிருந்த நாட்டில், அந்தப் பொதியைக் கைவிடாமல் தூக்கி வந்தவர் யார்? அந்தப் படம் இரண்டு பேரின் செயல். ஒருவர் சாட்சியைக் கொண்டுவந்தார், ஒருவர் பதிவு செய்தார். வரலாறு பதிவு செய்தவரை மட்டும் பாராட்டியது.

அதே 1904இல் ஈ. டி. மொரேல் முதலியோர் இங்கிலாந்தில் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினர். மொரேல் அவ்வாண்டு வெளியிட்ட நூலில் இன்சாலாவின் படம் அவர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அச்சானது. ஹாரிஸ் தம்பதியர் கண்ணாடித் தகடுகளில் படங்களை ஏற்றி, மாஜிக் லாந்தர் விளக்கால் திரையில் காட்டி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் பேசினார்கள். 1905இல் மார்க் ட்வைன், விலை கொடுத்து வாங்க முடியாத ஒரே சாட்சி என்று கோடக் கேமராவைப் பற்றி லியோபோல்டே புலம்புவதாக எழுதிக் கேலி செய்தார். 1908இல் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது. அந்த வெற்றியில் படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

இன்னொரு நிகழ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டனம் தாங்காமல் லியோபோல்ட் 1904இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அந்தக் குழு பாரிங்காவுக்கு வந்தபோது போலிமா ஊர்த் தலைவர் லொண்டுலு முன்னே வந்து 110 குச்சிகளை மேசையில் வைத்தார். ஒவ்வொரு குச்சியும் ரப்பருக்காகக் கொல்லப்பட்ட ஒருவர். குச்சி குச்சியாக எடுத்து, இறந்தவரின் பெயரைச் சொன்னார். குழுவின் அறிக்கை 1905இல் வந்தது. காங்கோ மக்கள் அளித்த வாக்குமூலங்கள் மட்டும் அச்சேறவில்லை. பிரஸ்ஸல்ஸ் ஆவணக் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டன. 1980களில்தான் ஆய்வாளர்கள் அவற்றைத் தடையின்றிப் படிக்க முடிந்தது.

ஒரே ஊர், ஒரே கொடுமை. மிஷன் பெண் எடுத்த படம் கடல் கடந்தது. லொண்டுலு சொன்ன பெயர்கள் முக்கால் நூற்றாண்டு பூட்டுக்குள் கிடந்தன. படம் பார்த்த மண்டபங்களில் பேசியவர்கள் ஐரோப்பியர்கள். ஆகவே தீர்வையும் அவர்களே முடிவு செய்தார்கள். காங்கோ, அரசரிடமிருந்து பெல்ஜிய நாட்டுக்கு மாற்றப்பட்டது. காங்கோ மக்களின் கைக்கு வர 1960 ஜூன் 30 வரை ஆயிற்று. பாதிக்கப்பட்டவரின் முகம் மட்டும் சபைக்குப் போய்ச் சொல் போகாவிட்டால் இரக்கம் கிடைக்கும். உரிமை கிடைக்காது.

நம் மண்ணிலும் இதற்கு முன்கதை உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் படமெடுத்தார். எலும்பும் தோலுமான அந்த மக்கள் இன்றும் பஞ்சத்தைப் பற்றிய நூல்களில் வருகிறார்கள். ஒரு பெயரும் இல்லை. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள் என்பதால் அவர்களில் நம் முன்னோர் இருந்தார்கள் என்று சொல்ல ஆவணம் தேட வேண்டியதில்லை. ஆனால் எவர் யாருடைய பாட்டி என்று சொல்ல நமக்கு வழியில்லை. இந்த மௌனத்தை வைத்துப் பார்த்தால்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியதன் எடை புரியும். நம்மைப் பற்றிப் பிறர் பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தன்னார்வலர் என்பவர் அமைப்பு சார்ந்த ஆளாக மாறினார். 1958இல் பிரிட்டனில் விஎஸ்ஓ தொடங்கியது. 1961இல் அமெரிக்காவில் பீஸ் கோர் தொடங்கியது; 1976 வரை இந்தியாவிலும் அதன் தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். போன இடங்களில் எடுத்த வண்ண ஸ்லைடுகளை ஊர் திரும்பியபின் உறவினருக்கும் பள்ளிகளுக்கும் போட்டுக் காட்டுவது வழக்கமானது. மாஜிக் லாந்தர் மண்டபம் வீட்டுக் கூடத்துக்கு இடம் பெயர்ந்தது.

எதிர்ப்பும் அந்த ஆண்டே எழுந்தது. 1961 அக்டோபரில், நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சியில் இருந்த பீஸ் கோர் பெண் ஒருவர், மக்கள் வாழும் நிலையை இழிவாக எழுதிய அஞ்சலட்டை ஒன்று வழியில் விழுந்து, மாணவர்கள் கையில் சிக்கியது. அவர்கள் அதைப் பிரதி எடுத்து வளாகமெங்கும் பரப்பிப் போராட்டத்தில் இறங்கினார்கள். விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாடு அது. தங்களைப் பற்றித் தங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன அனுப்பப்படுகிறது என்று கேட்கும் உரிமையை மாணவர்கள் அன்றே கோரினார்கள்.

1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் மேற்கு நாடுகளில் பெரும் நிதியைத் திரட்டின. உதவி போனது உண்மை. ஆப்பிரிக்கா என்றால் கையேந்தும் குழந்தை என்ற படிமம் உறைந்துபோனதும் உண்மை. விமர்சனம் வலுத்த பிறகு, 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களைப் பயன்படுத்துவதற்கான நடத்தை விதிகளை ஏற்றன. 2012இல் நார்வே மாணவர்களின் உதவி அமைப்பான சாய், குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் திரட்டி அனுப்புவதாக ஒரு கேலிப் படம் வெளியிட்டது. 2017இல் அதே அமைப்பு தன்னார்வலருக்கென ஒரு கையேடு தந்தது. எதிரில் இருப்பவரின் கண்ணியத்தைக் காக்க வேண்டும், விளங்கச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், எதற்காக எடுக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது அது.

இவை நல்ல விதிகள். ஆனால் இவை எடுப்பவருக்கான விதிகள். சட்டகத்துக்குள்ளேயே வராதவருக்கு இவற்றால் பயனில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபின் நாகப்பட்டினக் கரைக்குப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கேமராவோடு வந்தார்கள். உடைந்த படகுகள் உலகெங்கும் போயின. உப்பேறிய வயலில் வேலை இழந்த தலித் கூலிகளுக்கு அந்தச் சட்டகத்தில் இடம் குறைவு. நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் விடுபட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களை வெறுங்கையால் எடுத்தவர்களில் பிற நகராட்சிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பலர். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிய படக்குறிப்புகள் எத்தனை?

கோட்டும் டையும் அணிந்த அம்பேத்கரின் படத்தை நம் மக்கள் வீட்டில் மாட்டுவது ஏன் என்று வெளியார் சிலர் கேட்பதுண்டு. எந்தத் தோற்றத்தில் உலகம் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்த மனிதரின் படம் அது. அதை மாட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் அந்த உரிமையைத் தனக்கும் கோருகிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மிஷன் காப்பகங்களிலும் பழைய தன்னார்வலர்களின் தொகுப்புகளிலும் நம் சேரிகளின் படங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயர் தெரிந்த படங்களைப் பிரதி எடுத்து அந்தந்த ஊருக்குக் கொண்டுபோங்கள். திண்ணையில் இருக்கும் பாட்டிகளிடம் காட்டுங்கள். இது இன்னார் மகள், இந்தக் களத்தில் கதிரடித்தவள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்று அவர்கள் சொல்வார்கள். பெயர், ஊர், செய்த தொழில், அவர்கள் சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியதைக் காப்பகத்துக்கு அனுப்பிப் படக்குறிப்பைத் திருத்தக் கேளுங்கள். அந்தப் படத்தைக் காட்ட வேண்டாம் என்று குடும்பம் சொன்னால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.